மச்சான் பார்க்காத பின்வாசல்

என் மச்சான் ஷாகுல் ஹமீது அரபு நாட்டில், தம்மாமில், இருபத்தாறு வருடம் கட்டடப் பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்தவர். ஊருக்கு வந்து நாலு வருடமாகியும் அந்த வேலையை அவர் விடவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஒரு கல்யாண விருந்தில் கை கழுவப் போனவர், குழாயை நாலு தடவை திருகி, "வாஷர் போயிருக்கு" என்று மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார். நான் காயல்பட்டினம் பஜாரில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இப்படி ஒருவர் மச்சானாக வாய்த்தது என் கடைக்கு நல்லதுதான். அவரைக் கட்டிய என் அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, நல்லதா என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மச்சான் இருந்த வீடும் என் ராத்தா முத்து பீவியின் வீடுதான். ராத்தாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்த வீட்டிலோ எங்கே திரும்பினாலும் படி. அடுத்த தெருவில், மகள் ருஷ்தா வீட்டை ஒட்டியே, படியில்லாத வீடு ஒன்று விலைக்கு வந்தது. ரமலான் நோன்பு பிறக்கும் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அந்த வீட்டம்மா வாக்குக் கொடுத்தார். அதற்குள் பழைய வீட்டை விற்றாக வேண்டும். கையில் மூன்று மாதம் இருந்தது.

"அது மட்டும் கைவிட்டுப் போச்சுன்னா, நான் கடைசி வரைக்கும் இந்தப் படியிலதான் கெடக்கணும் அஸ்கரு" என்றாள் ராத்தா.

மச்சான் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். குறைந்த செலவில் வீட்டைப் புதுப்பித்து விற்பது எப்படி என்று நூறு பேர் சொல்லித்தருகிறார்கள், நூறையும் பார்த்தார்.

"வாங்குதவன் மொத ஏழு வினாடியில முடிவு பண்ணிருவானாம்" என்று கடைக்கு வந்து சொன்னார். "அதனால முன்பக்கம்தான் முக்கியம்."

புதுக் கேட்டுக்குத் தங்க நிறம் அடித்தோம். வாசலில் பிளாஸ்டிக் புல் விரித்தோம். முன்னறைச் சுவரில் செங்கல் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினோம். அதாவது உள்ளே அசல் செங்கல், மேலே பூச்சு, அதற்கு மேலே செங்கல் படம். குயில் போலக் கூவும் காலிங் பெல் ஒன்றும் வந்தது. கரண்டு குறைந்தால் அது தவளையாகிவிடும். குளியலறையில் எல்லாம் புதிது. புதுக்கோட்டையிலிருந்து வந்த கொத்தனார் மாடக்கண்ணு கேட்டார்:

"பாய், பழைய கக்கூஸ் கோப்பைய எங்கன போட?"

"பின்னால போடும்."

"பழைய கேட்டு?"

"அதையும் பின்னால போடும்வே."

எல்லாமே பின்னால் போயிற்று. ராத்தா ஒருநாள் மச்சானிடம் சொன்னாள், "ருஷ்தா வாப்பா, பின்வாசலையும் கொஞ்சம் பாருங்களேன்."

"அத யாரு பாக்கப்போறா?" என்றார் மச்சான்.

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு, வீடுகளின் பின்னால் பெண்கள் நடந்து போக முடுக்கு உண்டு. ஆண்கள் அதில் போகக் கூடாது. தவறிப் போக நேர்ந்தால் கனைத்துக்கொண்டே போக வேண்டும். மச்சான் முப்பத்திரண்டு வருடமாக அந்த வீட்டு மாப்பிள்ளை. ஒருநாள்கூட முடுக்கில் நின்று தன் வீட்டைப் பார்த்ததில்லை. அந்த வீட்டிலேயே பிறந்த நானும் பார்த்ததில்லை.

மூன்று குடும்பங்கள் வீடு பார்க்க வந்தன. ஆண்கள் முன்வாசலில் வந்து குயிலைக் கூவவிட்டார்கள், ரோஸ்மில்க் குடித்தார்கள், செங்கல் படத்தைத் தடவிப் பார்த்தார்கள். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதோம்" என்று போனார்கள். பிறகு ஒருவரும் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் போனதும் மச்சான் முன்பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தார். கடைசியாக வந்தது, விளக்கெரியும் செயற்கை நீரூற்று. அதையும் நான்தான் விற்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நோன்புக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் ராத்தா அழுதுவிட்டாள். "வீடு பாக்க வந்த பொம்பளையளெல்லாம் பின்கதவ முட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போறாளுவோ. நான் சொல்றது காதுல விழுதா?"

"நீரூற்று கொஞ்சம் சின்னதோ?" என்றார் மச்சான்.

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நானும் அவரும் வந்தால், முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பெல்லை அமுக்கினார். தவளை கத்தியது. உள்ளேயிருந்து ராத்தாவின் குரல்: "பின்னால வாங்க."

"முடுக்கு வழியா நான் எப்படிளா வர?"

"கனைச்சிக்கிட்டே வாங்க."

அவர் கனைத்துக்கொண்டே முன்னால் போக, நான் கனைத்துக்கொண்டே பின்னால் போனேன். ஒரு ஜன்னலிலிருந்து கேட்டது: "யாரு, தங்கக் கேட்டு மாப்பிள்ளையா?" அடுத்த ஜன்னல்: "இவ்வளவு இருமலா, கசாயம் வச்சித் தரவா?" மச்சான் தலையைத் தூக்கவே இல்லை.

பின்கதவு ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்து, வயிற்றை முதலில் அனுப்பி, மற்றதைப் பிறகு அனுப்பி, ஒருவழியாக உள்ளே நுழைந்தார். பழைய கேட்டில் கால் தடுக்கியது. தடுமாறிப் போய் உட்கார்ந்த இடம், பழைய கக்கூஸ் கோப்பை. வீட்டைப் பார்த்தபடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தார்.

எழுந்திருக்கப் போனவரை அடுப்படி வாசலில் நின்ற ராத்தா தடுத்தாள். "இருங்க. ஏழு வினாடி ஆகட்டும்."

கதவிடுக்கில் நின்று நான் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. மச்சான் சிரிக்கவில்லை. பெயர்ந்த பூச்சையும் சிமெண்டுச் சாக்குகளையும் பார்த்தார். பிறகு அடுப்படிப் படியைப் பார்த்தார். அது பாதி உடைந்து கிடந்தது.

"இதுல நீ எப்படி ஏறுத?"

"உக்காந்து நகந்து."

கோப்பையிலிருந்து எழுந்து போய் அந்தப் படியைத் தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்மாம்ல பின்வாசல மறிச்சு சைக்கிள் வச்சவனுக்கே நான் நோட்டீஸ் குடுத்தவன்."

மறுநாளே மாடக்கண்ணு வந்தார். குப்பை போயிற்று. உடைந்த படியை இடித்துத் தாழ்வாகக் கட்டினார்கள். பழைய கேட்டின் குழாயை அறுத்துக் கைப்பிடி வைத்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்து, கால் கழுவ ஒரு குழாய் போட்டார்கள். நாலே நாள். என் கடையில் வாங்கியது ஒரு வாளி பெயிண்டும் ஒரு குழாயும்தான். கக்கூஸ் கோப்பையை மாடக்கண்ணு புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கற்றாழை நட்டிருக்கிறார்.

மூன்றாவதாக வந்த வீட்டு ஜஹ்ராவை ராத்தாவே முடுக்கு வழியாகப் போய் அழைத்து வந்தாள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர் அவர். வீடு அந்த மகளுக்கு. இந்தத் தடவை கதவு ஒரு விரலில் திறந்தது. ஜஹ்ரா கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார். "எங்க உம்மா தனியாவே வந்து போவாங்க" என்றார். வீட்டு விலை முடிந்தது. தவளையை மட்டும் கழற்றிவிடச் சொன்னார்கள்.

நோன்புக்கு இரண்டு நாள் முன்னால், ருஷ்தா வீட்டை ஒட்டிய அந்த வீட்டுக்குக் குடிபோனார்கள். புது வீட்டு கேட் துருப்பிடித்துக் கிடக்கிறது. பெயிண்ட் வேண்டுமா என்று கேட்டேன். "பின்பக்கம் முடியட்டும்" என்றார் மச்சான். பழைய கேட்டில் மிஞ்சிய குழாயை, முடுக்கில் தன் வீட்டுச் சுவரிலும் ருஷ்தா வீட்டுச் சுவரிலும் கைப்பிடியாக அவரே அடித்திருந்தார். கொஞ்சம் கோணல். அதை நான் சொல்லவில்லை.

முதல் நோன்பன்று அசர் தொழுகை முடிந்த சாயங்காலம், ராத்தா ஒரு கையில் கஞ்சித் தூக்கும் ஒரு கையில் கைப்பிடியுமாக ருஷ்தா வீட்டுக்கு நடந்து போனாள், யார் துணையும் இல்லாமல். மச்சான் பின்வாசலில் நின்று, அவள் உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கனைக்க மறந்துவிட்டார்.