சிறப்பு விருந்தினர் தள்ளிய சிப்பாய்

அந்தப் புகைப்படத்தில் என் முகம் பாதிதான் தெரியும். மீதியைச் சிறப்பு விருந்தினரின் முழங்கை மறைத்திருக்கும். அவர் விரல்கள் என் வெள்ளைச் சிப்பாய் ஒன்றைப் பிடித்திருக்க, பின்னால் சதுரங்கக் கழகச் செயலாளர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பசுமலையில் ஒரு பள்ளியில் நடந்த மாவட்டப் போட்டி அது. நான் ஒன்பதாம் வகுப்பு. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். காலையில் வரவேண்டிய விருந்தினர் சாயங்காலம்தான் வந்தார். ஆகவே போட்டி முடியப்போகும் நேரத்தில் அதற்குத் தொடக்க விழா நடத்தினார் செயலாளர். முதல் பலகையில் விருந்தினர் ஒரு காயை நகர்த்துவார், படம் எடுப்பார்கள், பிறகு காயைத் திரும்ப வைத்துவிட்டு நம் ஆட்டத்தைத் தொடங்குவோம். எங்கும் அதுதான் வழக்கம். அன்று முதல் பலகையில் வெள்ளைக் காய்களோடு நான்தான் உட்கார்ந்திருந்தேன். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கத்தான் நான் மாதக்கணக்கில் பழகியிருந்தேன். அவரோ அதற்கு வலப்பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். ராஜாவின் பக்கத்தைத் திறந்துவிடும் தொடக்கம் அது. விவரம் தெரிந்த யாரும் அப்படி ஆடமாட்டார்கள்.

காயைத் திரும்ப வைக்கப் போனேன். செயலாளர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பாப்பா, அய்யா கை வச்ச காயை எடுக்கலாமா? இங்கனதான உக்காந்து பாக்குறாக. தொட்ட காயை ஆடணும்னு ரூல் இருக்குல்ல?”

ஆடுகிறவருக்கான விதியை அவர் மாலை போட்டுக்கொண்டு வந்தவருக்குப் பொருத்திவிட்டார். நடுவர் மின்விசிறியைப் பார்த்தார். எதிரே இருந்த பையனின் மந்திரி அந்தத் திறந்த சாய்வில் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசிவரை என்னால் கோட்டை கட்டி ராஜாவைப் பத்திரமாக ஒதுக்கிவைக்க முடியவில்லை. தோற்றேன். விருந்தினர் எப்போதோ போண்டா சாப்பிடப் போயிருந்தார். செயலாளர் தண்ணீர் பாட்டிலோடு அவர் பின்னால் ஓடியிருந்தார். அந்த மனிதர் ஒரு ஆட்டம் ஆடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கூழைக்கும்பிடு போடுவதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை.

போன மாதம் எங்கள் ஊரிலேயே கே.கே. நகரில் ஒரு போட்டி. அங்கே கிளினிக் வைத்திருக்கிறேன் என்பதால் இந்த முறை நானே சிறப்பு விருந்தினர். அதே செயலாளர், தலை மட்டும் நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

“டாக்டரம்மா, எந்தக் காயை வேணாலும் தள்ளுங்க. நீங்க வச்சதுதான் ஆட்டம்” என்றார்.

வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்த சிறுமி வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள். “நீ எதைம்மா ஆடுவ?” என்று கேட்டேன்.

“ராணிக்கு முன்னால உள்ள சிப்பாய். ரெண்டு கட்டம்.”

முழங்கையை ஒதுக்கிக்கொண்டு அதையே நகர்த்தினேன்.

“அடடா! டாக்டரம்மா என்னமா ஆடுறாக!” என்று கைதட்டினார் செயலாளர்.

நேற்று படம் வந்தது. அந்தப் பெண்ணின் முகம் முழுதாகத் தெரிகிறது. பின்னால் அதே பல்.