ஊருக்கு என் இடுப்பு என்ன செய்தது?

அளவு நாடா தொங்குவது என் கழுத்தில். அளவெடுப்பது என்னவோ கடைக்கு வருகிறவர்கள்.

திருகோணமலையில், துறைமுகப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், பெண்களுக்குச் சாறிச் சட்டை தைக்கிற கடை என்னுடையது. மகள் பிறந்து மூன்று மாதம் முடிந்த கையோடு கடையைத் திரும்பத் திறந்தேன். பின்னறையில் ஏணை கட்டி அவளைப் போட்டிருந்தேன். அவள் அழுதால் ஓடிப்போய்ப் பால் கொடுப்பேன், உறங்கினால் வந்து தைப்பேன். கொக்கி வைக்கவும் கரை மடித்துத் தைக்கவும் கிண்ணியாவிலிருந்து ஜெசீமா வருவாள். பிள்ளை பெற்று, பால் கொடுத்துக்கொண்டே வேலைக்குப் போன என் சக பாவிகளே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது. ஆனாலும் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

எத்தனையாம் மாதம்?

கடை திறந்த அன்றே நிலாவெளியிலிருந்து ஒரு ரீச்சர் வந்தார். என் பழைய வாடிக்கையாளர். நான் அவருக்குக் கை அளவெடுத்துக்கொண்டு நிற்கையில், "எத்தனையாம் மாதம்?" என்று கேட்டார். பிள்ளையைத்தான் கேட்கிறார் என்று நம்பி, "மூண்டு முடிஞ்சுது ரீச்சர்" என்றேன். "மூண்டு மாதத்துக்கே இவ்வளவு பெருசோ? இரட்டைப் பிள்ளையாத்தான் இருக்கும்" என்றார். அப்போதுதான் அவருடைய கண் எங்கே நிற்கிறது என்று எனக்கு விளங்கியது.

அந்த நேரம் பார்த்து மகள் வீரிட்டு அழுதாள். தூக்கிக்கொண்டு வந்து காட்டி, "இதுதான் ரீச்சர் அந்த மூண்டு மாதம்" என்றேன். ரீச்சர் பிள்ளையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடியும் பிள்ளையைப் பார்த்தார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "அப்ப உள்ளுக்கு இருக்கிறது என்ன?"

பால்சுறா

மூதூரிலிருந்து வரும் ஓர் அக்கா தங்கமான மனிசி. தன் சட்டையை எடுக்க வந்தவர், பாலுக்கு நல்லதென்று பால்சுறா மீனும் உள்ளியும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "நல்லாச் சாப்பிடுங்கோ தங்கச்சி, வயித்தைக் காயப்போடாதேங்கோ" என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை பிறந்த நாள் முதல் என்னைச் சாப்பிடச் சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

கலங்கின கண்ணைத் துடைக்கவும் விடவில்லை. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, உடம்பையும் கெதியாக் குறைக்கவேணும், இல்லாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார். "ரெண்டும் ஒரேயடியா எப்பிடியக்கா ஏலும்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றுதான் நினைத்தேன். அக்காவோ, தையல்காரிக்கு இதுவும் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தார். "ஏன் ஏலாது? சாப்பிடுறதை முழுக்கப் பாலுக்கு விடுங்கோ, உடம்புக்கு விட்டுடாதேங்கோ."

வயிறு கட்டாத குற்றம்

பிள்ளை பெற்றவளுக்கு வயிறு இறங்கவென்று துணியால் இறுக்கிக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். என்னுடையது ஒப்பரேஷன் செய்து பிறந்த பிள்ளை. காயம் ஆறும்வரை துணி வைத்து வயிறு கட்ட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால், கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதை நான் விளக்க வேண்டியிருந்தது. வெட்டின இடம் எது, தையல் எப்படி என்று ஊருக்கே தெரியும். வெட்கமென்று ஒன்றை எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

கல்யாணப் பெண்ணை அளவெடுக்கக் கூட்டிவந்த ஒரு தாய், வயிறு கட்டாத கதையைக் கேட்டதும் நம்பவில்லை. என் கழுத்திலிருந்த நாடாவை உருவி, நான் சுதாரிப்பதற்குள் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, அளவை வாய்விட்டு வாசித்தார். கடையில் அப்போது ஆம்பிளைகளும் நின்றார்கள். "உன்ர அளவு இதோட ஒப்பிட்டா ஒண்டுமில்லையடி" என்று மகளுக்கு ஆறுதலும் சொன்னார். அன்று அந்தப் பெண்ணின் சட்டைத் துணியை நான் வெட்டவே இல்லை. கோபத்தில் கத்தரிக்கோல் எடுத்தால் துணி பாழ். அவர்கள் படியிறங்கும்வரை பொறுத்திருந்த ஜெசீமா, கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "கட்ட வேண்டியது வயித்தையில்லக்கா, அவட வாயை."

அளவுச் சட்டை

எங்கள் தொழிலில் அளவுச் சட்டை என்று ஒன்று உண்டு. நாடா பிடிக்க விருப்பமில்லாதவர்கள், தங்களுக்கு அளவாக இருக்கிற ஒரு பழைய சட்டையைக் கொண்டுவந்து, இதைப் பார்த்துத் தையுங்கள் என்பார்கள். பிள்ளை பெறுவதற்கு முன் போட்ட சட்டையைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். உள்ளே கூடுதலாகத் துணி விட்டு, சத்தம் போடாமல் தைத்துக் கொடுத்துவிடுவேன். எனக்கே அந்த நிலைமை வருமென்று நினைக்கவில்லை.

என் புருஷனின் தங்கைக்குக் கல்யாணம் முற்றாகி, நாளும் குறித்தாயிற்று. வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாவல் நிறத்தில் சட்டை. கைப்பிள்ளைக்காரிக்கு ஏன் சிரமம் என்று மாமி, என் புருஷனின் தாய், துணியை வேறொரு கடையில் கொடுத்துவிட்டார். என் அளவுக்கு அவர் கொடுத்தது, அலுமாரியிலிருந்து எடுத்த என் கல்யாணக் காலத்துச் சட்டை. தைத்து வந்ததைப் போட்டுப் பார்த்தேன், கொக்கியும் வளையமும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கவே இல்லை. தையல்காரி வீட்டில் இருக்க, அவளைக் கேட்காமல் அவளுக்கே சட்டை! "மாமி, இது என்ர பழைய அளவெல்லோ?" என்றேன். "தெரிஞ்சுதான் குடுத்தனான் பிள்ளை. கல்யாணத்துக்குள்ள நீ அதுக்குள்ள வந்துடுவாய்."

வடிவு

வந்துவிடத்தான் பார்த்தேன். காலையில் தேசிக்காய் பிழிந்த சுடுதண்ணீர், மத்தியானம் ஒரு பிடி சோறு, இரவில் மாமி வாங்கித் தந்த கொள்ளு அவித்த தண்ணீர். உடம்பு இறங்கியது உண்மைதான். கூடவே பாலும் இறங்கியது. மகள் மார்பில் வாயை வைப்பாள், இழுப்பாள், விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுவாள். தையல் மெஷின் சத்தத்தையும் மீறி அந்த அழுகை ஒழுங்கை முழுக்கக் கேட்கும். கிளினிக்கில் நிறுத்தபோது, போன மாதம் இருந்த நிறையிலேயே நின்றாள். மிட்வைஃப் மிஸ் ஏசவில்லை. "நீங்கள் ஒழுங்காச் சாப்பிடுறீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

பிள்ளையை அணைத்தபடி நேரே கடைக்கு வந்தேன். பிள்ளைக்கு ஏற வேண்டிய நிறை ஏறாமல் நிற்கிறதே என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. சட்டை எடுக்க வந்திருந்த ஒரு பெண், கட்டைபறிச்சானில் வாழ்க்கைப்பட்டவர், என்னை மேலும் கீழும் பார்த்து முகம் மலர்ந்தார். என்ன மருந்து என்று கேட்டார். மகள் என் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தாள், அவளை அவர் பார்க்கவே இல்லை. "இப்பதான் நீங்கள் வடிவா இருக்கிறீங்கள். இப்பிடியே பிடிச்சுக்கொண்டு போங்கோ."

பச்சைத் துண்டு

அந்தப் பெண் போனதும் ஜெசீமாவின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். சோறு, மீன்குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். அவள் ஒன்றும் கேட்காமல் என் பக்கம் தள்ளிவிட்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஒருவேளையும் விடவில்லை. மிச்சமிருந்த கொள்ளு முழுவதையும் மாமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கிளினிக்கில் மகளின் நிறை ஏறியிருந்தது, என்னுடையதும் ஏறியிருந்தது. கொடுத்த பாலுக்கு என்னை வடிவு என்று சொல்ல ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்தினம் அந்தச் சட்டையைப் பிரித்தேன். உள்ளே பெருப்பிக்க ஒரு விரலளவு துணிகூட விட்டிருக்கவில்லை. நாவல் நிறத்தில் துண்டும் கிடைக்கவில்லை. கடையில் கிடந்த பச்சைத் துணியை வெட்டி இரண்டு பக்கமும் கைக்குக் கீழே வைத்துத் தைத்து, முன்பக்கம் பால் கொடுக்க வசதியாகக் கொக்கியும் வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் கதிரையை ஓரமாக இழுத்துப் போட்டு, சாறித் தலைப்பால் மூடி மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாமி பக்கத்தில் வந்து குனிந்தார். "பிள்ளை, கையைத் தூக்காதை. பச்சை தெரியுது, சனம் பாக்குது" என்று காதுக்குள் சொன்னார். மகள் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்ல நினைத்ததை, பக்கத்தில் பிரியாணியோடு இருந்த ஜெசீமா சொன்னாள்: "பாக்கட்டும் மாமி, புள்ளை குடிக்குதுதானே."

சட்டை இறுகினால் தைத்தவளைப் பிடித்து ஏசுகிற இந்த ஊர், போடுகிறவள் பால் கொடுக்கிறவள் என்றால் மட்டும் சட்டையின் பக்கம் நின்று அவள் உடம்பைப் பிழை சொல்கிறது.