ஆள் வந்தால் மட்டும் ஓடிய ப்ளூ-ரே

அன்று ஜேடர்பாளையம் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். மாடி தியேட்டர் அறையில் வீட்டுக்காரர் முத்துசாமி அண்ணன், கோழிப்பண்ணை வைத்திருப்பவர். கீழே சமையலறையில் அவர் மனைவி சரோஜா அக்கா. கையில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளோடு நான். இதில் ஒருவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால்தான் அத்தனை நாள் அலைந்தேன்.

ஹோம் தியேட்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் சின்னக் கடை. ஒரு வீட்டில் செட் மாட்டிவிட்டு வந்தால் அங்கிருந்து போன் வரும்வரை பயம். வந்துவிட்டால் அதைவிடப் பயம்.

வந்த போன்

“ஏனுங் தம்பி, நீங்க மாட்டிக் குடுத்த கம்ப்யூட்டரு படத்த ஓட்ட மாட்டீங்குது.”

“எல்லாப் படமுங்களாண்ணா?”

“பாட்டு ஓடுது. கல்யாண வீடியோ ஓடுது. மவன் வாங்கி அனுப்புன டிஸ்க்கு மட்டும் கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னு போயிருது. காசு குடுத்து வாங்குன ஒரிஜினலு நிக்குது, ஓசில வந்ததெல்லாம் ஓடுது. என்ன நாயமுங்க இது?”

நியாயம் இல்லைதான். ஆனால் ஒரிஜினல் ப்ளூ-ரே டிஸ்க்கில் பூட்டு இருக்கிறது. காப்பி எடுக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. கம்ப்யூட்டர் ஆம்ப்ளிஃபயரைக் கேட்கும், ஆம்ப் புரொஜெக்டரைக் கேட்கும்: நீ அனுமதி உள்ள ஆள்தானா? வரிசையில் எல்லாரும் தலையாட்ட வேண்டும். ஒன்று ஆட்டாவிட்டாலும் படம் நின்றுவிடும். இதற்கு ஹெச்.டி.சி.பி. என்று பெயர். பாட்டுக்கும் கல்யாண வீடியோவுக்கும் இந்தப் பூட்டு கிடையாது.

போனேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்தால் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் வருத்தம் வந்துவிடும். அண்ணன் மாடியிலிருந்து சொன்னார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்து சொன்னார், தண்ணீர் கொடுத்தார், காபியோடு மாடிக்கே வந்தார். டிஸ்க்கைப் போட்டேன். கடைசிவரை ஓடியது.

நான் சேலம் திரும்புவதற்குள் போன். நின்றுவிட்டதாம்.

மறுபடி போனேன். வாங்க, தண்ணீர், காபி. ஓடியது. பிளேயர் சாஃப்ட்வேரை அப்டேட் செய்தேன். இன்னொரு முறை போய் கேபிளை மாற்றினேன். அதற்கடுத்து ஆம்ப்பையே மாற்றி வைத்தேன். நான் இருக்கும்வரை ஓடும், கிளம்பினால் நிற்கும்.

“உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் ஓடுமாட்டிருக்குது. ஒரு போட்டோ குடுத்துட்டுப் போங்க, மாட்டி வெச்சுக்கறேன்” என்றார் அண்ணன். சிரித்தேன்.

பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: “ஞாயித்துக்கெழமை திருச்செங்கோட்டுச் சம்பந்தி படம் பாக்க வாறாருங்க. அவரு முன்னால நின்னு போச்சுன்னா எனக்கு மருவாதி இல்ல. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லீன்னா செட்டக் கழட்டிட்டு காசத் திருப்பிக் குடுத்துருங்க.”

அந்தக் காசு அடுத்த வேலைக்கான ஸ்பீக்கர்களாக மாறி என் கடையில் உட்கார்ந்திருந்தது.

சொல்லாத ‘வாங்க’

சனிக்கிழமை போனேன். அக்கா வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “மேல போ சாமி, உங்கண்ணன் அங்கதான் இருக்காங்க. கையெல்லாம் மாவு.”

‘வாங்க’ போய் ‘போ’ வந்துவிட்டது. இந்த வீட்டில் நம் மரியாதை முடிந்தது, செட்டைக் கழற்ற வேண்டியதுதான் என்று நினைத்தபடி படியேறினேன்.

டிஸ்க்கைப் போட்டேன். ஓடியது. சற்று நேரத்தில் திரை கறுத்து, ‘இந்தத் திரைக்கு அனுமதி இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

“பாத்தீங்களா! நான் பொய்யா சொன்னேன்?” அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கீழேயிருந்து அக்கா சத்தம் போட்டார்: “ஏனுங்க, படத்த எதுக்கு நிறுத்திப்போட்டீங்க?”

மாடியில் படம் நின்றது கீழே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? கேபிளும் கையுமாக இறங்கி ஓடினேன். சமையலறை அலமாரியில், மசாலா டப்பாக்களுக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர் மானிட்டர். அதே எழுத்து அதிலும்.

“அக்கா, இது எப்பங்க வந்துது?”

“மவன் படிக்கறப்ப வாங்குனது, சும்மாதான கெடந்துது. நீ மாட்டிட்டுப் போன பொறகு நம்ம ஒயர்மேன் மேல இருந்து ஒயர் இழுத்துக் குடுத்தாரு. மேல ஓடறதப் பாத்துக்கிட்டே தோசை சுடுவேன்.”

“நான் வந்தப்பல்லாம் இது ஓடலீங்களா?”

“ஆள் வந்திருக்கறப்ப பொட்டியப் போட்டுட்டு நின்னா நல்லாவா இருக்கும்? சுச்ச நிறுத்திப்போட்டுத்தான் வாங்கன்னு சொல்ல வருவேன்.”

“இன்னிக்கு?”

“நீயென்ன சாமி புது ஆளா? எப்பப் பாத்தாலும் இங்கதான இருக்கற. மேல படச் சத்தங் கேட்டதும் சுச்சப் போட்டுட்டேன்.”

புரொஜெக்டருக்குப் பக்கத்தில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரை ஒயர்மேன் மாட்டியிருந்தார். நானே இழுத்த லைன் என்ற நம்பிக்கையில் அங்கே நான் கை வைக்கவே இல்லை. பழைய மானிட்டருக்குத் தலையாட்டத் தெரியாது. அதன் சுவிட்சைப் போட்டதும் மொத்த வரிசையும் நின்றுவிட்டது.

“அந்தப் பொட்டியப் புடுங்கிப் போடுங்க தம்பி” என்றார் அண்ணன்.

“புடுங்குங்க, புடுங்குங்க. நாளைக்குச் சம்பந்திக்குச் சோறும் அந்தத் தியேட்டர்லயே ஆக்கிக்கோங்க” என்றார் அக்கா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அன்று சாயங்காலமே கடையிலிருந்து தலையாட்டத் தெரிந்த ஒரு சின்ன டி.வி.யைக் கொண்டுபோய் அலமாரியில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை படம் இரண்டு இடத்திலும் கடைசிவரை ஓடியது. அதன்பின் செட்டைக் கழற்றுகிற பேச்சே இல்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். பழுது பார்க்கப் போனால், நமக்காக எதையும் நிறுத்த வேண்டாம், தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தச் சின்ன டி.வி.க்கு இன்னும் முழுப்பணம் வரவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள். ஆனால் கணக்குத் தீர்ந்தால் நான் மறுபடி விருந்தாளி ஆகி, அக்கா சுவிட்சை நிறுத்திவிட்டு எழுந்து வருவாரோ என்று ஒரு கவலை. இப்போது போனால் உள்ளேயிருந்தே “வா சாமி” என்கிறார். டி.வி. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

பாக்கி, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.