ஒலி போன சனிக்கிழமை

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறேன். தாம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. மேடவாக்கத்தில் மாடிப் போர்ஷன் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அதிகம் பேசுவது கம்ப்யூட்டரில் இருக்கும் பெண் குரல்தான். மற்றவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடுவதுபோல நான் அதைப் போட்டுவிடுவேன்.

அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். முந்தின நாள் அதில் ஏதோ அப்டேட் ஓடியிருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. குரல் வரவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் செருகினேன், ஹெட்போன் மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சவுண்ட் டிரைவர் கெட்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சொல்வதை ஸ்பீக்கருக்குப் புரியவைக்கும் சின்ன மென்பொருள் அது. சரிசெய்யும் வழி எனக்குத் தெரியும். எந்தப் பொத்தானுக்குப் பிறகு எது என்பதுகூட விரல்களுக்குப் பாடம். ஆனால் அழுத்தினால் திரையில் என்ன ஆகிறது என்று சொல்ல ஆளில்லை.

போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்துப் படிக்கவைத்துப் பார்த்தேன். அது பாதி வரியைத் தின்றுவிட்டு மீதியை உளறியது. கல்லூரி நண்பனைக் கூப்பிட்டேன். "மச்சான், வண்டி ஓட்டிட்டு இருக்கேன், சாயங்காலம் பேசறேன்" என்றான். போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். விடுமுறை நாளில் கூப்பிட்டு "வீட்டுக்கு வா" என்று உரிமையோடு சொல்லக்கூடிய பெயர் ஒன்றும் அதில் இல்லை. டிரைவர் போனதைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் கீழே இறங்கி, வீட்டுக்கார அக்காவின் கதவைத் தட்டினேன். வாடகை கொடுக்கப் போகும்போது இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. எங்கள் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் மாமனார் உழுத நிலம் என்று மட்டும் தெரியும்.

"அக்கா, கொஞ்சம் மேல வந்து கம்ப்யூட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா?"

"ஐயோ, எனக்கு இங்கிலீசு வராது தம்பி. பத்தாவது ஃபெயிலு."

"எழுத்து தெரியுமில்ல? எழுத்தைச் சொன்னாப் போதும்."

வந்தார். என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். நான் பொத்தான்களை அழுத்தினேன்.

"இப்ப என்ன வந்திருக்கு?"

"வரிசையா என்னென்னமோ எழுதிக் கீது. ஒண்ணுல மட்டும் மஞ்சளா முக்கோணம் கீது."

"அதுக்குப் பக்கத்துல?"

"ஏ... யூ... டி... ஐ... ஓ."

ஆடியோ. நான் நினைத்த இடம்தான். அம்புக்குறிப் பொத்தானை நான் தட்டத் தட்ட, "நீலப் பட்டை கீழ எறங்குது, இன்னும் ஒண்ணு, ஆங், நில்லு" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தானின் எழுத்துகளைச் சொல்லி, அது மட்டும் மங்கிக் கிடக்கிறது என்றார். அப்படியென்றால் பழையது அழிந்துவிட்டது. வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அப்போது தெருவில் ஹார்ன் அடித்தது. "தண்ணி லாரி வந்துட்ச்சு. இரு தம்பி, தொட்டி மூடியத் தொறந்து வுட்டு வரேன்" என்று எழுந்து ஓடினார்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தவறாக எதையாவது தட்டிவிட்டால் இருந்த இடமும் தெரியாமல் போய்விடும். கீழே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை. அவர் திரும்பி வரமாட்டார், வேலையில் மறந்துவிடுவார் என்று தோன்றிவிட்டது. அம்மா இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதை ஓரம் கட்டினேன்.

வந்தார். கைகளைப் புடவையில் துடைக்கும் சத்தம் கேட்டது. "எங்க வுட்டோம்?" என்றார்.

விண்டோஸோடு கூடவே வரும் பொதுவான டிரைவரை இருவருமாகத் தேடிப் பிடித்தோம். அந்த நீளப் பெயரை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் கூட்டிப் படித்தேன். தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். குரல் வந்தது.

"யாரு இந்த அம்மா, இவ்ளோ வேகமா பேசுது?" என்றார் அக்கா.

வேகத்தைக் குறைத்து, தமிழுக்கு மாற்றி, அன்றைய வானிலைச் செய்தியைப் படிக்கவைத்தேன். முழுதும் கேட்டார்.

"நாளெல்லாம் இந்தம்மாவோடதான் பேசிகினு இருப்பியா?"

"அது பேசும். நான் கேட்டுட்டு இருப்பேன்."

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இன்னா வேணும்னாலும் கூப்பிடு தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் நண்பன் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன். "யூஎஸ்பி ஹெட்செட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ மச்சான். அதுக்குன்னு தனி டிரைவர் இருக்கு, கம்ப்யூட்டரோட சவுண்ட் டிரைவர் போனாலும் அதுல குரல் வரும். யார் தயவும் வேணாம்."

அவன் சொன்னது சரி. வாங்கி வைத்தேன். சில மாதங்கள் கழித்து இன்னொரு அப்டேட்டில் மறுபடியும் ஒலி போயிற்று. ஹெட்செட்டைச் செருகி, குரலைக் கேட்டுக்கொண்டே டிரைவரை நானே மாற்றினேன். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. முடித்ததும் மாடிப்படி வரை போய் நின்றேன். கீழே போக ஏதாவது காரணம் இருக்கிறதா என்று யோசித்தேன். வாடகைகூட அந்த வாரம்தான் கொடுத்திருந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.