உடைக்கக் கூடாத இங்கிலீஷ் வார்த்தை

அச்சாபீஸில் தமிழ் எழுத்து கோத்தவன் பசியோடு வீட்டுக்குப் போவான். இங்கிலீஷ் எழுத்து கோத்தவன் பைத்தியம் பிடித்துப் போவான். நீள நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளிடம் அடி வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். திருத்தணியில் நான் வேலைக்குச் சேர்ந்தது யுத்த காலம். காகிதத் தட்டுப்பாட்டால் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாமே உள்ளங்கை அகலம். வரி முடிவில் இடம் போதாத வார்த்தையை உடைத்துக் கீழே தள்ளியாக வேண்டும்.

முதல் வெட்டு

வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி ஒரு கூட்ட நோட்டீஸ். ‘அன்எம்ப்ளாய்மெண்ட்’ என்பதை இடம் தீர்ந்த இடத்தில் கண்டபடி வெட்டிவிட்டேன். முதலாளிக்கு வந்ததே கோபம்!

“அன் முன்னால ஒட்டினது, எம்ப்ளாய் உடம்பு, மெண்ட் வாலு. கோழி வெட்டறவன்கூட மூட்டு பாத்துத்தான்டா வெட்டறான். மாசக் கடைசிக்குள்ள கத்துக்கல, இந்த வார்த்தை உனக்கே ஆவும்!”

மந்திரவாதி

அன்று முதல் எந்த வார்த்தையையும் வாய்விட்டுச் சொல்லி, நாக்கு நிற்கிற இடத்தில் பிரித்தேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்காகக் காலரா ஊசி நோட்டீஸ் வந்தது. ஊசி போடுவதற்கு இங்கிலீஷில் ‘இனாகுலேஷன்’. எழுத்துப் பெட்டி முன் கண்ணை மூடி, “இ... னா... கு... லே... ஷன்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் வாசலில் ஒரு அம்மா கும்பிட்டபடி நிற்கிறார்.

“ஐயா, எங்க வூட்டுக்காரருக்குத் தேள் கொட்டிட்சிங்க, துடிச்சிகினு கீறாரு. இதே மந்திரத்த அங்க வந்து சொல்லுங்க.”

பொதட்டூர்பேட்டைக் கல்யாணம்

மாசக் கடைசி. பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு இங்கிலீஷில் பத்திரிகை கேட்டார். மாப்பிள்ளை மதராஸில் ஆபீஸ் உத்தியோகம். அதற்கு ஈடாகத் தன் பெயருக்குக் கீழே ‘ஜவுளி வியாபாரி’ என்று இங்கிலீஷில் ஒரு தனி வரி வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். மாதிரிக்கு அடித்த பிரதியில் ‘செலிபரேஷன்’ என்ற வார்த்தையை நான் அழகாகப் பிரித்திருந்தேன். முதலாளியே தலையாட்டினார்.

நெசவுக்காரர் வார்த்தை நடுவில் இருந்த சின்னக் கோட்டைத் தொட்டு, “இது இன்னா?” என்றார். இடமில்லாமல் உடைத்திருக்கிறோம் என்றேன். மனுஷர் முகம் செத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் உடைப்பதா, அரக்கோணத்தில் அச்சடித்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போயேவிட்டது.

நான் ஓடிப்போய் அவரை மறித்தேன். “உடைக்காம போட்டா ஒரு வரி கூடுதுங்க. அதுக்கு எடம் வேணும்னா வேற ஏதாவது ஒரு வரிய எடுக்கணும்” என்றேன். அவர் பத்திரிகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் பெயருக்குக் கீழே விரலை வைத்தார்.

“ஜவுளி வியாபாரிய எடுத்துடு நைனா. நான் வெறும் பொண்ணுக்கு அப்பனாவே இருந்துட்டுப் போறேன்.”

வேலை நிலைத்தது, அதன்பின் கல்யாணப் பத்திரிகை வந்தால் எந்த வார்த்தையை எங்கே பிரிக்கலாம் என்று நான் பார்ப்பதில்லை, பெண்ணைப் பெற்றவர் எந்த வரியை விட்டுக்கொடுப்பார் என்றுதான் பார்ப்பேன்.