கொக்குப் படத்துச் சிவப்பு

மூத்தவன் தவழத் தொடங்கிய மாதத்தில்தான் துரைசாணி அந்தப் படத்தை என்னிடம் கொடுத்தார். மடுல்கெல்லையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரையின் மனைவி அவர். மழைக்காலத்தில் கண்டிக்கு இறங்கி, வாவிக்கரை வீட்டில் தங்குவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் தையல் படித்தது அவருக்குத் தெரியும்.

காலி நகரத் துறைமுகத்தில், சீனத்திலிருந்து வந்த கப்பலில் வாங்கிய படமாம். பாயைப் போலச் சுருட்டி நாடாவால் கட்டியிருந்தது. நடுவில் காகிதம், சுற்றிலும் பட்டுக்கரை. மலைநாட்டு ஈரத்தில் கரை இற்றுப்போயிருந்தது.

"கரை மட்டும் தை. படம் தொடாதே," என்றார் துரைசாணி, தோட்டத்தில் கற்ற தமிழில்.

தலையாட்டிவிட்டேன். அந்தத் துரையின் காப்பி மூட்டைகள் என் கணவர் கிளாக்கராக இருந்த கிட்டங்கிக்குத்தான் வந்து இறங்கின. படத்துக்கு ஏதாவது ஆனால் அவர் அங்கே எந்த முகத்தோடு நிற்பார்? வீட்டுக்குக் கொண்டுவந்தவுடனேயே ஏன் வாங்கினோம் என்றிருந்தது. பிள்ளை கக்குவான், இழுப்பான். அதனால் முதல் நாள் மேசையில் அடிப்பக்கத்தை மட்டும் ஒரு முழம் விரித்துத் தைத்தேன். நாணலும் ஒரு கல்லும் தெரிந்தன. மற்றதை விரிக்கவே இல்லை.

என் கணவரின் அக்கா எங்களோடு இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். கணவனை இழந்தவர். என் பிரசவத்துக்கு நாவலப்பிட்டியிலிருந்து வந்தவர், பிள்ளை அவரை விடாததால் அப்படியே தங்கிவிட்டார். எழுத்துத் தெரியாது. வாயில் எப்போதும் வெற்றிலை. அதைப் பற்றி எனக்கு உள்ளுக்குள் ஒரு முகச்சுளிப்பு உண்டு. வெளியே சொன்னதில்லை.

மறுநாள் மேல்கரையைத் தைக்க, படத்தை முழுதாக விரித்தேன். சரியாகப் பார்க்குமுன் பிள்ளை அழுதான். ஓடிப்போய்ப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுத் திரும்பினால், மதினி மேசைமேல் குனிந்து நின்றார்.

"ஏ புள்ள, கொக்கு எப்பிடி நிக்குது பாரு! ஒத்தக் கால்ல. தண்ணிய வரையவே இல்ல, வெள்ளையா விட்டுட்டான். ஆனா தண்ணி தெரியுது. கெட்டிக்காரன்!"

வாய் நிறைய வெற்றிலையோடுதான் பேசினார். அப்போதுதான் கொக்கின் தலைக்குப் பக்கத்தில், அந்த வெள்ளையில், சிவப்பாக ஒன்றைப் பார்த்தேன். கட்டைவிரல் நகமளவு. அதன் கீழே சின்னதாக இன்னொன்று. அச்சு அசல் வெற்றிலைச் சிவப்பு.

"மதினி! என்ன செஞ்சிட்டீங்க?"

"நானா? நா துப்பல புள்ள."

"துப்ப வேணாம், பேசினாலே தெறிக்குமே! ஒரு நல்ல சாமான வைக்க முடியுதா இந்த வீட்டுல? பிள்ளை முகத்திலயும் இப்படித்தான் தெறிக்கிறீங்களா?"

கடைசி வாக்கியத்துக்குப் படத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பல மாதமாக எனக்குள் இருந்தது, வழி கிடைத்ததும் வந்துவிட்டது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு, "பட்டிருக்குமோ?" என்று தன்னையே கேட்பதுபோலக் கேட்டார்.

தேசிக்காயை வெட்டினேன். அந்தப் புளிப்புச் சாற்றில் துணியை நனைத்துத் தேய்த்தேன். துணிக் கறைக்கு அதுதான் வழக்கம். சிவப்பு கரையவில்லை, எண்ணெய்போல இழுபட்டது. காகிதம் பஞ்சு பஞ்சாக எழும்பியது. கிட்டக் குனிந்து பார்த்தேன். சிவப்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள், நேரும் குறுக்குமாக. நாலு பக்கமும் ஒழுங்கான மூலைகள்.

எச்சில் சதுரமாக விழாது. அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. இருந்தும் தேய்த்தேன். நிறுத்தினால் மதினியைப் பார்த்து ஏதாவது சொல்லியாக வேண்டும். பெரிய சதுரத்தில் பாதி போனபிறகுதான் கை நின்றது.

இரண்டு நாள் கழித்துப் படத்தை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். அதையே சொன்னேன்: "என் நாத்தனார் வெற்றிலை போடுவார். எச்சில் பட்டுவிட்டது, அம்மா. துடைக்கப் பார்த்தேன்."

துரைசாணி படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எச்சி இல்லே," என்றார். "பேர். வரைஞ்சவன் பேர்."

பிறகு இங்கிலீஷில் விளக்கினார். அந்த நாட்டில் ஓவியர்கள் தம் பெயரைக் கல்லில் செதுக்கி, சிவப்புக் குழம்பில் ஒற்றிப் பதிப்பார்களாம். படம் முழுக்கக் கறுப்பு மையில் முடிந்தபின், அந்தச் சிவப்பை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து வைப்பார்களாம். கொக்கு அவர்களுக்கு நீண்ட ஆயுளின் அடையாளம். வரையாமல் விட்ட வெள்ளைதான் தண்ணீர்.

அவர் என்னைத் திட்டவில்லை. "உன் நாத்தனார் பாவம்," என்று மட்டும் சொன்னார். கிட்டங்கிக்கும் எந்தச் சொல்லும் போகவில்லை. ஆனால் அதற்குப்பிறகு அவர் எனக்குத் தையல் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மதினி பிள்ளையை மடியில் வைத்திருந்தார். மூக்குக்குக் கீழே ஒரு துணியைக் கட்டியிருந்தார். வெற்றிலைப் பெட்டி கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது.

"என்ன மதினி இது?"

"பிள்ளை மேல தெறிக்கக் கூடாதுல்ல."

அவர் முன்னால் உட்கார்ந்தேன். "அது கறை இல்லையாம் மதினி. வரைஞ்சவன் பேராம்."

துணியை இறக்கினார். "பேரையா நீ தேச்ச?"

"ஆமா."

"அடிப் பாவி! நாலெழுத்து படிச்சவ, ஒருத்தன் பேர அழிச்சிட்டியே!" சிரித்தேவிட்டார். பிறகு மெதுவாக, "அப்ப நா துப்பல. ரெண்டு நாளா என் வாயை நானே நம்பல புள்ள," என்றார்.

திட்டியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். தேய்க்கும்போதே சதுரத்தைப் பார்த்தேன் என்பதையும், துரைசாணியிடம் அவர்மேல் பழியைப் போட்டதையும் சொல்லவில்லை.

மூத்தவன் இப்போது சிலேட்டில் எழுதுகிறான். மதினி மறுபடி வெற்றிலை போடுகிறார். ஆனால் அவன் எழுத்தை எட்டிப் பார்க்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்.

"மூட வேணாம் மதினி," என்பேன்.

"இருக்கட்டும் புள்ள. எழுத்தாச்சே," என்பார்.

அப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாய்வரை வரும். பிறகு அடுப்பில் ஏதோ இருப்பதாக எழுந்துபோய்விடுவேன்.