சூரியனில் ஒரு மிளகு

தொலைநோக்கி வழியாக வெள்ளை அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சூரியன் விழுந்திருந்தது. கண் கூசவில்லை. அதன் ஓரத்தில் மிளகு போல இரண்டு கரும்புள்ளிகள். கொடைக்கானல் மலையில், நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் பழைய வான் ஆய்வு நிலையம் அது. நன்னிலத்திலிருந்து பஸ் வைத்துப் போயிருந்த எங்கள் பங்குக் கோயில் மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அட்டையை விட்டுவிட்டு என் ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் உண்டு. நான் கல்யாணமாகி வந்த முதல் தை மாதம், சம்பா அறுப்பு. விடிந்தும் விலகாத மூடுபனிக்குள் சூரியன் முட்டைக்கரு மாதிரி நின்றது. என் கணவரின் அண்ணன் மனைவியான அவள் அரிவாளை நிறுத்தி, "சூரியன்ல ஏதோ கருப்பா ஒட்டியிருக்கு, பாருங்க" என்றாள். மற்றவர்கள் நிமிர்வதற்குள் வெளிச்சம் ஏறிவிட்டது. அன்றிலிருந்து நடவானாலும் கல்யாண வீடானாலும், "என்னக்கா, இன்னிக்குச் சூரியனுக்குப் பொட்டு வெச்சாச்சா?" என்பார்கள். காணாமல் போன ஆட்டை வாய்க்கால் கரையில் பார்த்தேன் என்று அவள் சொன்னால்கூட ஒருவரும் தேடிப் போக மாட்டார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பார்த்தேன் என்பதை மட்டும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

நானும் பார்த்தேன். அவளுக்கு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். புதுப்பெண், வாய் திறக்க வெட்கம். நாளாக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று அதைவிட வெட்கம்.

புள்ளி பெரிதாக இருந்தால் பனிக்குள் வெறும் கண்ணுக்கும் தெரியும், ஆனால் அப்படிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார் விளக்கிச் சொன்ன தம்பி.

"தெரியும்னா, இவ பார்த்தான்னு ஆயிடுமா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா, அன்னிக்கு நானும் பார்த்தேன்" என்றேன்.

"நாப்பது வருஷமா வாயில என்னடி, கொழுக்கட்டையா?"

அவள் என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "என் காதுல சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. இவளுங்ககிட்ட சொல்லு."

அஞ்சாம் வகுப்பில் பாடம் ஒப்பித்ததற்குப் பிறகு நான் நாலு பேர் முன்னால் பேசியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எந்த வயல், எந்த நேரம், புள்ளி எந்தப் பக்கம் என்று எல்லாம் சொன்னேன்.

பஸ்ஸில் வத்தலக்குண்டு வரும்வரை ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் ஓரகத்தி மட்டும் பேசிக்கொண்டே வந்தாள்.